சுழல் துப்பாக்கியும் காகித இலக்கும்



கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மார்த்தாண்டத்தையும் குழித்துறையையும் கடந்து களியக்காவிளையை அடைந்தால், அங்கே தமிழ்நாடு முடிவடைகிறது. அதற்கடுத்த இஞ்சிவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்கள் கேரளத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இங்கே எல்லை என்பது வரைபடத்தில் காணும் கோடேயன்றி, மண்ணில் தெரியும் கோடு அன்று. இருபுறமும் அதே வாழைத் தோட்டங்கள். அதே மரச்சீனிக் கிழங்கு. அதே ரப்பர் மரங்கள். சந்தைக்குச் சென்றால் விலை கேட்பது ஒரு மொழியிலும், பேரம் பேசுவது மற்றொரு மொழியிலுமாக இருக்கும். பாறசாலைக்கு அருகில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயின்று, பின்னர் பிழைப்பின் பொருட்டு டில்லிக்கு வந்து மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அம்மண்ணைப் பற்றிச் சொல்வதற்கு எத்தனையோ செய்திகள் உண்டு. ஆனால் இன்று நாம் சொல்லப் புகுவது துப்பாக்கியைப் பற்றி. அதிலும், இலக்கு நோக்கிச் சுடும் பந்தயத்தில் சுழல் துப்பாக்கி எனப்படும் ரிவால்வரைக் கொண்டு போட்டியிடுவதைப் பற்றி. எல்லையூருக்கும் அப்பந்தயத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு உண்டு. அதனை முதலில் கூறிவிடுகிறோம்.

எங்கள் பகுதி துப்பாக்கியை நன்கு அறிந்த பகுதி. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பழம்பெரும் பலாமரம் ஒன்று உண்டு. பகைவர் துரத்தியபோது இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது மரபு. அதே மார்த்தாண்ட வர்மர் மன்னரான பின்பு, 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்தார். அப்போது சிறைப்பட்ட டிலனாய் என்பவரே பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். தக்கலைக்கு அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் சாலையும் ஏற்பட்டது. டிலனாய் 1777-இல் இறந்து அக்கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். இது பாடநூல்கள் பெருமையோடு கூறும் வரலாறு.

பெருமையில்லாத வரலாறும் ஒன்று உண்டு. 1938 ஆகஸ்டு 31-ஆம் நாள், திருவிதாங்கூரில் பொறுப்பாட்சி கோரி நடந்த கிளர்ச்சியின்போது, ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் ஒருவர் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து நெய்யாற்றின்கரையில் மக்கள் திரண்டனர். படையினர் சுட்டனர். வீரராகவன் என்னும் தொண்டர் உட்படப் பலர் மாண்டனர். பின்னர், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தமிழ் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற இயக்கம் எழுந்தது. நெய்யாற்றின்கரை வட்டமும் அக்கோரிக்கையில் இடம்பெற்றிருந்தது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் அவ்வியக்கத்தினர் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் கூடியபோது போலீசார் சுட்டனர். அங்கும் உயிர்கள் மடிந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எங்கள் பாட்டனார் 1938-இல் சிறுவர். கோயில் திருவிழாவில் கதினா வெடிக்கும்போதெல்லாம், அவர் பேச்சை நிறுத்தி, வெடி ஓயும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். ஏன் என்று நாம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. துப்பாக்கி என்பது விளையாட்டுக்குரிய பொருளாகவும் இருக்கக்கூடும் என்று எங்கள் வீட்டில் எவரும் எண்ணியதே இல்லை.

அவ்வெண்ணம் நமக்கு டில்லியில்தான் மாறியது. தலைநகரின் தென்கோடியில் துக்ளகாபாதை ஒட்டி, 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்கென அமைக்கப்பட்ட சுடுதளம் ஒன்று உண்டு. சுடுதல் விளையாட்டில் புகழ்பெற்ற பிகானீர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயரால் அது வழங்குகிறது. அலுவலக நண்பர் ஒருவரின் மகள் அங்கே பயிற்சி பெற்று வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு நாமும் சென்றோம். இருபத்தைந்து மீட்டர்த் தளத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்றனர். அனைவர் கையிலும் புத்தம் புதிய தானியங்கிக் கைத்துப்பாக்கிகள். ஓரத்தில் ஒரு முதியவர் மட்டும் நீண்ட குழலுடைய சுழல் துப்பாக்கி ஒன்றைத் திறந்து, அதன் உருளையில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டிருந்தார். அறைகள் ஆறு, அவர் இட்டவை ஐந்து. ஓர் அறையின் அருகே வண்ணத்தால் புள்ளி ஒன்று இடப்பட்டிருந்தது. அவ்வறையை மட்டும் வெறுமையாக விட்டார்.

அவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி என்றும், மதுரைப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்றும் பின்னர் அறிந்தோம். தமிழ்க் குரல் கேட்டதும் அவருக்கு மகிழ்ச்சி. "எல்லாரும் தானியங்கி வைத்திருக்கிறார்களே, ஐயா இதை வைத்துக்கொண்டு போட்டியிடுவது ஏன்?" என்று கேட்டோம். "தம்பி, இது தானாக ஒன்றுமே செய்யாது. அதற்காகத்தான்" என்றார். அவ்விடையின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளும் பொருட்டு நாம் தேடிப் படித்தவற்றின் சாரமே இவ்வுரை.

சுழல் துப்பாக்கியின் வரலாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் நாட்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு கைத்துப்பாக்கி என்றால், பெரும்பாலும் ஒருமுறை மருந்திட்டு ஒருமுறை சுடுவது. கோல்ட் வகுத்த அமைப்பில், பல அறைகளைக் கொண்ட உருளை ஒன்று குழலின் பின்னே சுழலும். பெருவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை அளவு திரும்பி, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும். பின்னர் விசையை அழுத்தினால் குதிரை விழும், வெடி எழும். 1851-இல் இலண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கியும், இராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் துப்பாக்கியும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆடம்ஸின் துப்பாக்கியில் குதிரையைத் தனியே இழுக்க வேண்டுவதில்லை. விசையை அழுத்துவதொன்றே குதிரையை உயர்த்தி வீழ்த்தவும் செய்யும். விரைவு அதிகம்; ஆனால் விசை கனமானது, கை அசையும். விரைவா, நுண்மையா என்ற இந்த வழக்கு அன்று தொடங்கியது, இன்றும் தீர்ந்தபாடில்லை. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க நிறுவனம், உலோக உறையிட்ட தோட்டாவைப் பின்புறத்திலிருந்து இடத்தக்க சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மருந்தும் குண்டும் தனித்தனியே இடும் தொல்லை படிப்படியாக ஒழிந்தது.

போருக்கெனப் பிறந்த இக்கருவி பந்தயத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். இங்கிலாந்தின் தேசிய துப்பாக்கிச் சங்கம் தன் ஆண்டுப் போட்டிகளை முதலில் விம்பிள்டனிலும், 1890 முதல் பிஸ்லியிலும் நடத்தியது. அங்கே ரிவால்வர்ப் பந்தயங்களில் பல்லாண்டு கொடிகட்டிப் பறந்தவர் வால்ட்டர் வைனன்ஸ் என்னும் அமெரிக்கர். இக்கலையைப் பற்றி அவர் 1901-இல் விரிவான நூல் ஒன்றும் வெளியிட்டார். அவர் சிற்பியுங்கூட. 1908-இல் சுடுதலுக்கு ஒலிம்பிக் தங்கம் பெற்ற அவரே, 1912-இல் குதிரைச் சிற்பம் ஒன்றுக்காகக் கலைப்பிரிவிலும் தங்கம் பெற்றார். கையும் கண்ணும் ஒத்திசைவது இரண்டு கலைகளுக்கும் பொது அன்றோ!

சுழல் துப்பாக்கியின் பொற்காலம் எது என்று கேட்டால், 1896-ஆம் ஆண்டு ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் போட்டியைச் சுட்டலாம். பாஸ்டன் நகரத்து ஜான் பெய்ன் என்பவர் ஏதென்சுக்குச் செல்லும் வழியில் பாரிசில் இறங்கி, அங்கிருந்த தம் தமையன் சம்னர் பெய்னையும் உடன் அழைத்துக்கொண்டார். பந்தய விதிகள் எவை என்று இருவருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆகவே பலவகைக் கைத்துப்பாக்கிகளையும் சுமார் 3,500 தோட்டாக்களையும் சுமந்து சென்றனர். பந்தயத்தில் அவர்களுக்குச் செலவானவை 96 தோட்டாக்களே என்பர்.

இருபத்தைந்து மீட்டர் இராணுவக் கைத்துப்பாக்கிப் பந்தயத்தில் சகோதரர் இருவரும் கோல்ட் சுழல் துப்பாக்கிகளைப் பயன்படுத்தினர். ஜான் 442 புள்ளிகளும் சம்னர் 380 புள்ளிகளும் பெற்றனர். மூன்றாம் இடம் பெற்ற கிரேக்கருக்குக் கிடைத்தவை 205 மட்டுமே. ஒலிம்பிக் வரலாற்றில் உடன்பிறந்தோர் முதலிரு இடங்களையும் பெற்றது அதுவே முதல்முறை. விருந்தோம்பிய நாட்டாரை மேலும் மனம் வருந்தச் செய்தல் தகாது என்று கருதி, வென்றவர் அடுத்த பந்தயத்திலிருந்து விலகிக்கொள்வது எனச் சகோதரர் தம்முள் உடன்பாடு செய்துகொண்டிருந்தனர். அவ்வாறே மறுநாள் முப்பது மீட்டர்ப் பந்தயத்தில் ஜான் விலக, சம்னர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சுழல் துப்பாக்கியைக் கொண்டு முதலிடம் பெற்றார். வெற்றியை ஒரு பிடி குறைத்துக்கொண்ட அப்பண்பு, அவர்தம் புள்ளிகளினும் நம் நினைவில் நிற்கிறது.

அதே 1896-ஆம் ஆண்டில் நம் உரைக்கு இன்றியமையாத மற்றொன்றும் பிறந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .32 அளவுள்ள நீள்தோட்டா ஒன்றை ஒரு சிறு சுழல் துப்பாக்கிக்கென வெளியிட்டது. உதைப்புக் குறைவு; நுண்மை மிகுதி. அத்தோட்டாவின் வாழ்வு அதனைப் பெற்ற துப்பாக்கியின் வாழ்வினும் நீண்டது. அதனை மீண்டும் சந்திப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தானியங்கிக் கைத்துப்பாக்கி வந்தது. வெடியின் வேகமே வெற்று உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளி, சுடும் பொறியையும் ஆயத்தமாக்கி வைத்துவிடும். சுடுபவர் செய்ய வேண்டியது விசையை அழுத்துவதொன்றே. அமெரிக்கப் படை 1911-இல் இவ்வகையை ஏற்றது. பிற படைகளும் பின்தொடர்ந்தன. பந்தயத் தளமும் மாறியது. ஒலிம்பிக் விரைவுப் பந்தயத்தில் ஐந்து இலக்குகளை முதலில் எட்டு நொடியிலும், பின்னர் ஆறு நொடியிலும், இறுதியில் நான்கு நொடியிலும் சுட வேண்டும் என்றாயிற்று. நான்கு நொடியில் ஐந்து முறை குதிரையை இழுத்து, ஐந்து முறை குறி பார்ப்பது மனித விரலுக்கு இயல்வதன்று. 1948-இல் இலண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் அப்பந்தயத்தை வென்ற ஹங்கேரி நாட்டுக் காரொலி டக்காச்சின் கதையைப் பலரும் அறிவர். 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையை இழந்த அவ்வீரர், இடக்கையால் சுடப் பயின்று இருமுறை தங்கம் கொண்டார். அவர் கையில் இருந்ததும் தானியங்கியே. சுழல் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் அது முற்றும் போய்விடவில்லை. உலகச் சாம்பியன் போட்டிகளில், இருபத்தைந்து மீட்டர் 'சென்டர் ஃபயர்' பந்தயம் என ஒன்று உண்டு. 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான அளவுள்ள கைத்துப்பாக்கிகளுக்கு உரியது அது. துப்பாக்கியின் எடை 1,400 கிராமுக்கு மிகாமலும், விசையை அழுத்தத் தேவையான கனம் 1,000 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். ஒரே கையால், தாங்கல் ஏதுமின்றிச் சுட வேண்டும். மொத்தம் அறுபது குண்டுகள். முதல் முப்பதும் நுண்மைப் பகுதி: ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம், இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் ஐந்து சென்டிமீட்டர் விட்டமே உடையது. அடுத்த முப்பதும் விரைவுப் பகுதி: இலக்கு மூன்று நொடி தோன்றும், ஏழு நொடி மறையும். தாழ்த்திய கையை அந்த மூன்று நொடிக்குள் உயர்த்தி ஒரே ஒரு குண்டு சுட வேண்டும். இவ்வாறு ஐந்து முறை.

சுழல் துப்பாக்கி இன்னும் உயிரோடிருப்பதன் இரகசியம் அந்த ஏழு நொடியில் இருக்கிறது. இலக்கு மறைந்திருக்கும் அவ்விடைவெளியில் கையைத் தாழ்த்தி, பெருவிரலால் குதிரையை இழுத்து வைத்துக்கொள்ளலாம். தானியங்கி ஒரு நொடியில் ஒரு சிறு பங்கில் செய்வதை, சுழல் துப்பாக்கிக்காரர் ஏழு நொடியில் தாமே செய்துகொள்கிறார். அமெரிக்காவில் வழங்கும் பந்தயத்தில் இச்சலுகையும் இல்லை. அங்கே விரைவுப் பகுதியில் பத்து நொடிக்குள் ஐந்து குண்டுகள் சுட்டாக வேண்டும். ஒரு குண்டுக்கு இரண்டே நொடி. தேர்ந்தவர்கள், வெடியின் உதைப்பால் துப்பாக்கி மேலெழும் அக்கணத்திலேயே பெருவிரலைக் குதிரைமீது வைத்து இழுத்துவிடுவர். துப்பாக்கி கீழிறங்கி இலக்குக்கு நேராக வரும்போது அது ஆயத்தமாக இருக்கும். உதைப்பை எதிர்க்காமல் அதனையே உதவிக்குக் கொள்ளும் இப்பழக்கம் கைவருவதற்கு மாதக் கணக்கில் பயில வேண்டும்.

குறைகளை மறைத்தல் நேர்மையன்று. சுழல் துப்பாக்கிக்கு ஆறு அறைகள். ஆறும் குழலுக்கு ஒரேபோல் நேர்நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. ஓர் அறை மயிரிழை விலகியிருந்தாலும் குண்டு பத்தை விட்டு ஒன்பதுக்குப் போகும். டில்லியில் நாம் கண்ட முதியவர் ஓர் அறைக்குப் புள்ளியிட்டு வெறுமையாக விட்டதன் காரணம் இதுவே. ஒவ்வோர் அறையையும் தனித்தனியே சுட்டுச் சோதித்து, பிழைபடும் அறையைக் கண்டு விலக்கியிருந்தார். மேலும், உருளைக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி உண்டு. அதன் வழியே வெடிப்புகை கசியும். உருசியப் படை 1895-இல் ஏற்ற நகான் சுழல் துப்பாக்கியில் உருளையே முன்னோக்கி நகர்ந்து அவ்விடைவெளியை அடைத்துவிடும். அவ்வமைப்பையே கொண்டு, துலா நகர ஆலை 1960-களில் பந்தயத்துக்கெனத் தனிச் சுழல் துப்பாக்கி ஒன்றை உருவாக்கியது. சோவியத் வீரர்கள் அதனைக் கொண்டு இப்பந்தயத்தில் இறங்கினர். பழைய கருவியைக் கைவிடாமல் அதன் குறையைக் களைந்தது பாராட்டத்தக்கதே.

நிறைகளும் உண்டு. குதிரையை இழுத்து வைத்தபின், நல்ல சுழல் துப்பாக்கியின் விசை கண்ணாடிக் குச்சி முறிவது போல் தெளிவாக விடுபடும். தானியங்கி இயங்குவதற்குத் தோட்டாவில் குறித்த அளவு வலிமை வேண்டும்; சுழல் துப்பாக்கிக்கு அத்தேவை இல்லை. மெல்லிய மருந்தும் போதும். உறை சிக்கிக்கொள்ளும் தொல்லையும் அரிது. 1896-இல் பிறந்த .32 தோட்டா இங்கேதான் நம்மை மீண்டும் சந்திக்கிறது. இன்று இப்பந்தயத்தில் வெல்லும் தானியங்கிகளிற் பலவும் அதே தோட்டாவையே உண்கின்றன. காகிதத்தில் துளை வட்டமாக விழும்பொருட்டுக் குண்டின் முனையை மட்டும் தட்டையாக்கியுள்ளனர். சுழல் துப்பாக்கியை வென்ற கருவி, சுழல் துப்பாக்கியின் தோட்டாவைக் கொண்டே வென்றது!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியர் படைக்கலம் வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. ஆகவே இந்தியர் கையில் துப்பாக்கி என்றால், அது சிப்பாயின் துப்பாக்கியாகவோ, போலீசாரின் ரிவால்வராகவோ, மகாராஜாவின் வேட்டைத் துப்பாக்கியாகவோதான் இருந்தது. பொதுமக்கள் இலக்குச் சுடுதலை விளையாட்டாகப் பயில வழியில்லை. விடுதலைக்குப் பின்னர், 1951-இல் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் சபாநாயகரான மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹரிஹர் பானர்ஜியும் சௌரேன் சௌதுரியும் இந்தியாவின் சார்பில் சுட்டனர். பாகுபாடு நிறைந்த பழைய சட்டத்தின் இடத்தில் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது.

கைத்துப்பாக்கிப் பந்தயம் நம் நாட்டில் பெரிதும் காவல் படைகளிலும் இராணுவத்திலும் வளர்ந்தது. அனைத்திந்தியக் காவல்துறைச் சுடும் போட்டிகளில் ரிவால்வருக்கும் இடம் உண்டு. டில்லி முதியவர் கையில் அக்கருவி பழகியதும் அவ்வழியேதான். உரிமம் பெற்ற குடிமக்களுக்குத் தடைசெய்யப்படாத அளவாக .32 இருந்து வருவதால், கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்படும் சுழல் துப்பாக்கியும் அதே 1896-ஆம் ஆண்டுத் தோட்டாவையே ஏற்கிறது.

'சென்டர் ஃபயர்' பந்தயம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டில் 2014 வரை இருந்தது. அதில் இந்தியாவின் பெயரை நிலைநாட்டியவர் ஜஸ்பால் ராணா. 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அவர், 2006-இல் தோஹாவில் 600-க்கு 590 புள்ளிகள் பெற்று உலகச் சாதனையைச் சமன் செய்து மீண்டும் தங்கம் வென்றார். 2010-இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் ஹர்பிரீத் சிங்கும் விஜய்குமாரும் இப்பந்தயத்தின் இரட்டையர் தங்கத்தைப் பெற்றனர். இராணுவத்தைச் சேர்ந்த அதே விஜய்குமார்தான் 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விரைவுப் பந்தயத்தில் வெள்ளி கொண்டுவந்தார். இவர்கள் கையில் இருந்தவை தானியங்கிகள். எனினும் மூன்று நொடியில் ஒரே குண்டு என்ற அந்த ஒழுக்கம், சுழல் துப்பாக்கியும் உடன்நின்று சுடத்தக்க ஒழுக்கமே ஆகும். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு மற்றொரு மகிழ்ச்சியும் உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாதில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், காற்றழுத்த ரைஃபிள் பந்தயத்தில் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் நின்றார்.

இப்போது நாம் எல்லையூருக்குத் திரும்பலாம். 2015 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதன்பொருட்டுத் திருவனந்தபுரத்தை அடுத்த வட்டியூர்க்காவில் சுடுதளம் ஒன்று எழுப்பப்பட்டது. நெய்யாற்றின்கரையிலிருந்து அங்கே செல்ல ஒரு மணி நேரமே ஆகும். 1938-இல் வீரராகவன் வீழ்ந்த மண்ணுக்கு அருகில், நாட்டின் எல்லா மாநிலத்து இளைஞரும் வந்து துப்பாக்கி சுட்டனர். ஒரு துளி குருதியும் சிந்தவில்லை.

வேறுபாடு யாது என்று நாம் பலநாள் எண்ணியதுண்டு. கருவி ஒன்றே, மருந்து ஒன்றே, ஒலியும் ஒன்றே. வேறுபடுவது கணக்கு. பந்தயத் தளத்தில் அறுபது குண்டுகளுக்கும் கணக்கு உண்டு. எது பத்தில் விழுந்தது, எது எட்டுக்குத் தவறியது, எவர் சுட்டார் என்பதெல்லாம் ஏட்டில் ஏறும். மூன்று நொடி கடந்து சுட்டால் அக்குண்டு தவறாகவே எண்ணப்படும். ஐந்துக்கு மேல் ஒரு தோட்டாவும் உருளையில் இருத்தலாகாது. ஆனால் 1954-இல் எங்கள் பக்கத்தில் எழுந்த வெடிகளுக்கு அத்தகைய கணக்கு உண்டோ? மாண்டவர் எத்தனை பேர் என்பதிலேயே அரசு சொன்ன எண் ஒன்று. மக்கள் சொல்லி வரும் எண் வேறொன்று. எந்தக் குண்டு எவர் கையிலிருந்து புறப்பட்டது என்பதற்கு ஏடே இல்லை. திரள் திரளாகச் சுடும்போது, சுட்டவர் எவரும் தாம் சுட்டதாக எண்ணுவதில்லை.

முதியவர் சொன்னதன் பொருள் நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. "தானாக ஒன்றுமே செய்யாது" என்றார் அவர். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னே குதிரையை இழுக்க வேண்டும். இழுக்கையில், இதனைச் சுடுவதா வேண்டாமா என்று ஒருமுறை எண்ண வேண்டும். ஏழு நொடி என்பது அவ்வெண்ணத்துக்கான இடைவெளி. பின்னர் வரும் குண்டு அவருடையதே; பழியாயினும் புகழாயினும் கருவிமேல் ஏற்ற முடியாது. அதனாற்றான், புள்ளி குறையும் என்று தெரிந்தும் அவர் அப்பழைய கருவியை விடவில்லை. அன்றையப் பந்தயத்தில் அவருக்குக் கிடைத்தது ஆறாம் இடம். புள்ளி ஏட்டில் கையொப்பமிட்டுவிட்டு, வெற்று உறைகளை எண்ணிப் பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டார்.

சென்ற கோடை விடுமுறைக்கு நாம் ஊருக்குச் சென்றிருந்தோம். பாறசாலை மகாதேவர் கோயிலருகே நின்றிருந்தபோது, தொலைவில் எங்கோ கதினா வெடித்தது. நம்மையறியாமல் பேச்சை நிறுத்தினோம், கைகளைக் கட்டிக்கொண்டோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினோம். பாட்டனாரும் இவ்வாறு எண்ணித்தான் நின்றிருப்பார் என்று அப்போது தோன்றியது. எண்ணத் தெரிந்த கையிலே துப்பாக்கி இருக்குமானால், காகிதத்தைத் தவிர வேறெதற்கும் அதனால் ஊறு நேராதிருக்கட்டும்.